துரைமார்களுக்குப் பாடம் சொன்ன முன்ஷிகள்: கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரி

மலருக்குக் கட்டுரை கேட்டுச் சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தபோது, "நயினார், இந்தத் தடவை கல்வெட்டு வேண்டாம். நம்ம பிள்ளைங்க படிக்கிற மாதிரி ஏதாவது எழுதுங்க" என்று சொல்லிவிட்டார். கல்வெட்டு எழுதினால் அச்சுக்கோர்ப்பவரும் நானும் தவிர வேறு யாரும் படிப்பதில்லை என்பது அவருடைய மனத்தாங்கல். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே பிள்ளைகளிடமிருந்தே தொடங்குகிறேன்.

என் மகன் சால்ட் லேக் ஐந்தாம் செக்டாரில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் இருக்கிறான். அங்கே ஜெர்மனியிலிருந்து ஒரு குழு வந்தது. வந்தவர்கள் வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் அவர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு. இந்தியர்களோடு எப்படிப் பேசுவது, எப்படிப் புரிந்துகொள்வது என்று பாடம். கையில் கொடுத்த அச்சுப் பிரதி ஒன்றை மகன் வீட்டுக்குக் கொண்டுவந்தான். இந்தியர்கள் நேராக 'இல்லை' என்று சொல்ல மாட்டார்கள், தலையை ஆட்டினால் சம்மதம் என்று எண்ண வேண்டாம், மேலதிகாரி முன்னால் வாய் திறக்க மாட்டார்கள் என்றெல்லாம் வரிசையாகப் போட்டிருந்தது. படித்துவிட்டுச் சிரித்தேன். "ஏம்ப்பா சிரிக்கிறீங்க?" என்றான். "இதே வகுப்பு 1800-ல் உங்க ஆபீஸ்லேர்ந்து ஒரு மணி நேர பஸ் தூரத்துல நடந்தது. வந்தவங்க கும்பெனிக்காரங்க. பாடம் சொன்னவங்க முன்ஷிகள். அதுக்கு ஒரு காலேஜே இருந்தது" என்றேன். அவன் நம்பவில்லை. பக்கத்து வீட்டு வங்காளிப் பையனும் நம்பவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பி.பி.டி. பாக் பக்கம் போகிறவர்கள் எல்லோரும் ரைட்டர்ஸ் பில்டிங்கைப் பார்த்திருப்பீர்கள். செங்கல் நிறத்தில் நீளமாக நிற்கும் கட்டடம். 2013-ல் மாநிலத் தலைமைச் செயலகம் ஹௌராவில் உள்ள நபான்னாவுக்கு மாறும்வரை மந்திரிகள் உட்கார்ந்த இடம் அதுதான். கதை எழுதுகிறவர்கள் அங்கே இருந்ததால் அந்தப் பெயர் வந்ததாக ஊரிலிருந்து வந்த என் மைத்துனர் நினைத்துக்கொண்டிருந்தார். கிழக்கிந்தியக் கும்பெனியில் கணக்கெழுதச் சேரும் இளைஞனுக்கு 'ரைட்டர்' என்று பெயர். அந்தக் குமாஸ்தாக்கள் தங்குவதற்காகத் தாமஸ் லயன் என்பவர் 1777-லிருந்து கட்டிய விடுதி அது. மீசை முளைத்தும் முளைக்காத பையன்கள் கப்பலில் வந்து இறங்குவார்கள். மொழி தெரியாது, ஊர் தெரியாது. தெரிந்ததெல்லாம் கடன் வாங்குவது ஒன்றுதான்.

அப்படியானால் வியாபாரம் எப்படி நடந்தது? நம்மவர்களால் நடந்தது. சென்னையில் துபாஷி, கல்கத்தாவில் பனியன். துபாஷி என்றால் இரண்டு பாஷை அறிந்தவர். ஆனால் அவர் வேலை மொழிபெயர்ப்போடு நின்றதில்லை. சரக்கு பிடிப்பது, கடன் கொடுப்பது, யாரை நம்பலாம் யாரை நம்பக்கூடாது என்று காதில் ஓதுவது, துரையின் வீட்டுச் சமையற்காரனைப் பார்த்து வைப்பது வரை எல்லாம் அவர் தலையில்தான். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761-ல் இறக்கும் காலம் வரை எழுதிய நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு இது விளங்கும். சென்னையில் பச்சையப்ப முதலியார் இப்படித்தான் பொருள் சேர்த்தார். அந்தப் பொருளில்தான் பிற்பாடு கல்வி நிலையங்கள் எழுந்தன.

கல்கத்தாவில் ராம்துலால் தே என்ற ஒருவர் இருந்தார் (1752–1825). அமெரிக்கக் கப்பல் வியாபாரிகளுக்கு இவர்தான் பனியன். அமெரிக்கர்களுக்கு இங்கே கோட்டை கிடையாது, பட்டாளம் கிடையாது, கல்லூரி கிடையாது. ராம்துலால் ஒருவர்தான் எல்லாம். அவர்கள் 1801-ல் ஜார்ஜ் வாஷிங்டனின் ஆளுயரப் படம் ஒன்றை வரையச் செய்து அவருக்கு அன்பளிப்பாக அனுப்பினார்கள். ஒரு கப்பலுக்கே அவர் பெயரை வைத்தார்கள். நாற்பது வருடமாக புர்ராபஜாரில் வியாபாரம் பண்ணுகிற எனக்குத் தீபாவளிக்கு ஒரு நாட்காட்டிக்கு மேல் யாரும் அனுப்பியதில்லை.

இந்த ஏற்பாடு வெல்லெஸ்லி பிரபுவுக்குப் பிடிக்கவில்லை. 1798-ல் கவர்னர் ஜெனரலாக வந்தவர் அவர். கும்பெனிக்காரர்கள் இனிமேல் வெறும் வியாபாரிகள் அல்லர், வரி வசூலிப்பவர்கள், நீதி வழங்குபவர்கள், பெரிய நாடு ஒன்றை ஆள்பவர்கள் என்பது அவர் வாதம். குடிகளின் மொழி தெரியாதவன் பனியனின் கையில் பொம்மையாகத்தான் இருப்பான். ஆகவே ஒரு கல்லூரி வேண்டும் என்றார். சட்டம் நிறைவேறியது 1800 ஜூலை 10-ல். ஆனால் அதில் போட்ட தேதி மே 4! அதற்கு முந்தைய வருடம் அதே நாளில்தான் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு சுல்தான் மாண்டார். வெற்றி நாளிலேயே கல்லூரி பிறந்ததாக இருக்கட்டும் என்று முன்தேதி. நான் ஒரு பில்லுக்கு முன்தேதி போட்டால் வரித்துறைக்காரர் விடமாட்டார்.

பெயர் வில்லியம் கோட்டைக் கல்லூரி. பலர் நினைப்பதுபோல் அது கோட்டைக்குள் நடக்கவில்லை. ரைட்டர்ஸ் பில்டிங்கில்தான் நடந்தது. கார்டன் ரீச்சில் ஆற்றோரமாகப் பிரம்மாண்டமாகக் கட்டப்போவதாக வெல்லெஸ்லி கனவு கண்டார். லண்டனிலிருந்த டைரக்டர்கள் அதற்குக் காசு தரவில்லை. தங்களைக் கேட்காமல் ஆரம்பித்தார் என்ற கோபம் வேறு. 1802-ல் கல்லூரியையே மூடச் சொல்லி உத்தரவு போட்டார்கள். வெல்லெஸ்லி விடாமல் வாதாடி அதைக் காப்பாற்றினார், சிறிய அளவில்.

இங்கே நமக்கு முக்கியமான ஒரு செய்தி இருக்கிறது. 1800-ஆம் வருடச் சட்டத்தில் கற்பிக்க வேண்டிய மொழிகளின் பட்டியல் வருகிறது. அரபு, பாரசீகம், சமஸ்கிருதம், இந்துஸ்தானி, வங்காளி, தெலுங்கு, மராத்தி, தமிழ், கன்னடம். ஆமாம், தமிழ்! கல்கத்தாவில் ஐரோப்பியருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று 1800-லேயே சட்டம் எழுதியிருக்கிறார்கள். மூன்று மாகாணத்துப் பையன்களும் இங்கே வந்து படிப்பார்கள் என்ற எண்ணத்தில் போட்ட பட்டியல் அது. செலவு அதிகம் என்று டைரக்டர்கள் வெட்டியதால் அந்த எண்ணம் நீடிக்கவில்லை. தமிழுக்கு உண்மையான இடம் கிடைத்தது 1812-ல் சென்னையில். அதைப் பிறகு சொல்கிறேன். லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கும்போது "இந்த ஊர்ல தமிழுக்கு என்ன சார் இருக்கு" என்று அலுத்துக்கொள்பவர்களிடம் நான் இந்தப் பட்டியலைத்தான் சொல்வது வழக்கம்.

பாடம் நடந்த விதத்தைப் பார்ப்போம். இந்துஸ்தானிக்குத் தலைமை ஜான் கில்கிறிஸ்ட். ஸ்காட்லாந்துக்காரர், தொழிலால் வைத்தியர், 1782-ல் இந்தியா வந்தவர். பாரசீகம் படித்த மேல்தட்டு மனிதர்களைவிடச் சந்தையிலும் படைமுகாமிலும் பேசுகிறவர்களிடம்தான் அவர் மொழியைத் தேடினார். பைசாபாதில் தாடி வளர்த்து, நம்மூர் உடுப்பைப் போட்டுக்கொண்டு அதைக் கற்றார். வங்காளிக்கு வில்லியம் கேரி. செருப்புத் தைத்த கை, பிறகு பாதிரியார். 1793-ல் வந்தவர். மால்டா பக்கம் மதனாவதி என்ற ஊரில் அவுரித் தொழிற்சாலையில் மேலாளராக இருந்தபோதுதான் அவருக்கு ஒரு உண்மை உறைத்தது. பண்டிதரிடம் கற்ற வங்காளி வேறு, வயலில் நிற்பவன் பேசும் வங்காளி வேறு.

அந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான் 1801-ல் ஸ்ரீராம்பூர் அச்சகத்தில் அவர் வெளியிட்ட 'கதோபகதன்' என்ற உரையாடல் புத்தகம். என் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த வியாபாரப் புத்தகம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஒரு பக்கம் வங்காளி, எதிர்ப்பக்கம் ஆங்கிலம். உள்ளே என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? வேலைக்காரனை அமர்த்துவது. துரை உத்தரவு போடுவது. துரையும் முன்ஷியும் பேசிக்கொள்வது. ஜமீன்தாரும் குடியானவனும். கடன் வாங்கியவனும் மகாஜனும். சந்தை விவகாரம். பெண்கள் சந்தைக்குப் போவது. கல்யாணத் தரகு. மீனவர்கள் பேச்சு. கூலிக்காரர் பேச்சு. இதையெல்லாம்விட, பெண்கள் இருவர் குழாயடிச் சண்டை போல வாய்ச்சண்டை போடும் ஒரு பகுதி. அதை வைத்தே பிற்காலத்து வங்காளிப் பெரியவர்கள் கேரியைக் கோபித்துக்கொண்டார்கள், இதையா அச்சுப் போடுவது என்று.

என்னைக் கேட்டால் அந்தச் சண்டைதான் புத்தகத்திலேயே பெரிய பாடம். கலெக்டராகப் போகிறவன் முன்னால் வரும் வழக்குகளில் பாதி இப்படிப்பட்ட சண்டைதானே? சண்டை புரிந்தால் ஊர் புரியும். நல்ல சபையில் பேசுகிற மொழியை மட்டும் கற்றுக்கொண்டு போனவன் சந்தையில் ஊமை. கேரி தானாகவே இதை எழுதிவிடவில்லை. விவரமறிந்த உள்ளூர்க்காரர்கள் சிலரை அமர்த்தி, வழக்கத்தில் இருக்கும் பேச்சை அப்படியே எழுதச் சொன்னதாக முன்னுரையில் அவரே ஒப்புக்கொள்கிறார். அந்தச் சிலர் யார் என்று அதில் பெயர் இல்லை.

பெயர் தெரிந்தவர்கள் விஷயத்தையும் பாருங்கள். கேரிக்கு 1801-ல் மாதம் 500 ரூபாய். அவருக்குக் கீழே வங்காளித் தலைமைப் பண்டிதர் மிருத்யுஞ்ஜய் வித்யாலங்கார், 200 ரூபாய். இரண்டாம் பண்டிதருக்கு 100. மற்ற பண்டிதர்களுக்குத் தலைக்கு 40 ரூபாய். அந்த நாற்பது ரூபாய்க்காரர்களில் ஒருவர் ராம்ராம் பாசு. கேரி கல்கத்தாவில் இறங்கிய நாளிலிருந்து அவருக்கு முன்ஷியாக இருந்து வங்காளி சொல்லிக்கொடுத்தவரே இவர்தான்! மாணவனுக்கு ஐந்நூறு, வாத்தியாருக்கு நாற்பது. அந்த ராம்ராம் பாசு 1801-லேயே 'ராஜா பிரதாபாதித்ய சரித்திரம்' எழுதினார். வங்காளி ஒருவர் எழுதி அச்சேறிய முதல் உரைநடை நூல் என்று அதைச் சொல்கிறார்கள். மிருத்யுஞ்ஜயர் 1802-ல் விக்கிரமாதித்தன் சிம்மாசனத்துப் பதுமைக் கதைகளை வங்காளியில் எழுதினார். இந்துஸ்தானிப் பிரிவில் மீர் அம்மன் 'பாக் ஓ பஹார்' எழுத, லல்லுலால் 'பிரேம் சாகர்' எழுதினார். துரைமார்களுக்குப் பாடப்புத்தகம் வேண்டும் என்று ஆரம்பித்த வேலை, இந்த நாட்டு மொழிகளுக்கு உரைநடையாக வந்து சேர்ந்தது.

வருடத்துக்கு ஒருமுறை மாணவர்கள் சபையில் நின்று, கற்ற மொழியிலேயே வாதம் செய்ய வேண்டும். கவர்னர் ஜெனரல் தலைமை வகிப்பார். 1802 பிப்ரவரியில் நடந்த முதல் வாதத்தில் வங்காளி மாணவர்களுக்குக் கொடுத்த தலைப்பு: ஐரோப்பியர் அடைந்த அளவு நாகரிகத்தை ஆசியர்களும் அடைய வல்லவர்கள் என்பது. ஒருவர் ஒட்டிப் பேச, மற்றவர்கள் வெட்டிப் பேச வேண்டும். இதைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். மேடையில் பையன், உனக்கு நாகரிகம் வருமா வராதா என்று வங்காளியில் வாதாடுகிறான். அந்த வங்காளியைக் கற்றுக்கொடுத்தது பண்டிதர். இலக்கணப் பிழை இல்லாமல் தன்னையே குறைசொல்லத் தன் மாணவனைத் தயார் செய்வது எப்படிப்பட்ட உத்தியோகம்! மிருத்யுஞ்ஜயர் அன்று இரவு வீட்டில் என்ன பேசினார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இனி சென்னை. 1806-ல் இங்கிலாந்திலேயே கும்பெனி ஒரு கல்லூரி ஆரம்பித்தது. 1809-ல் அது ஹெய்லிபரிக்குப் போனது. பையன்கள் அங்கே படித்துவிட்டு வந்து, இங்கே நாட்டு மொழி மட்டும் படித்தால் போதும் என்று ஆனது. தென்னாட்டு மொழிகளுக்காக 1812-ல் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கியது. அதன் உயிர்நாடி பிரான்சிஸ் வைட் எல்லிஸ் என்னும் எல்லீசர். அவருடைய சிறப்பு என்னவென்றால் பண்டிதர்களுக்கும் அங்கே பாடம், தேர்வு, சான்றிதழ் என்று வைத்தது. கற்கிறவனை மட்டும் அல்ல, கற்பிக்கிறவனையும் கணக்கில் எடுத்துக்கொண்டார். தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியவை சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தமக்குள் ஒரு குடும்பம் என்ற முடிவை 1816-லேயே அச்சில் வெளியிட்டார். காம்ப்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முன்பகுதியில் அது இருக்கிறது. கால்டுவெல் ஒப்பிலக்கணம் வந்தது 1856-ல். எல்லீசர் 1819-ல் ராமநாதபுரத்தில் இறந்துபோனார். வயது நாற்பத்தொன்றோ இரண்டோதான். தாமஸ் டிரவுட்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2006-ல் வெளியிட்ட நூலில் இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த முடிவு எல்லீசர் தனியாக மாடியில் உட்கார்ந்து கண்டது அல்ல, கல்லூரிப் பண்டிதர்களோடு உட்கார்ந்து கண்டது என்பதை அவர் அழகாகக் காட்டுகிறார்.

அந்தக் கல்லூரியில் தமிழ் கற்பித்த தாண்டவராய முதலியார் 1826-ல் பஞ்சதந்திரத்தை மராத்தியிலிருந்து தமிழ் உரைநடையில் எழுதினார். வீரமாமுனிவரின் சதுரகராதி 1824-ல் அங்கேதான் அச்சேறியது. கல்லூரி மேலாளர் முத்துசாமிப் பிள்ளை வீரமாமுனிவரின் வரலாற்றை எழுதினார். இந்தப் பண்டிதர்கள் எல்லாம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நிகண்டு மனப்பாடம் செய்து, நன்னூல் படித்து வந்தவர்கள். சூடாமணி நிகண்டு செய்த மண்டலபுருடரும் நன்னூல் செய்த பவணந்தியாரும் சமணர்கள். சொந்தப் பெருமை பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம். துரைமார்களுக்குப் போய்ச் சேர்ந்த தமிழ் எந்தக் கிணற்றிலிருந்து இறைத்தது என்று சொன்னேன், அவ்வளவுதான்.

சென்னையும் கல்கத்தாவும் சேருகிற இடம் ஒன்று உண்டு. காலின் மெக்கன்சி. நில அளவையாளர். தென்னாடு முழுக்க அளந்தபோதே ஓலைச்சுவடி, கல்வெட்டுப் படி, ஊர் வரலாறு என்று திரட்டியவர். இவருக்கு எந்தத் தென்னிந்திய மொழியும் சரியாக வராது. எல்லாம் உதவியாளர்களின் வாய், கண், கை. காவலி சகோதரர்கள் என்ற தெலுங்கர்கள், பிறகு கர்நாடகத்து மலேயூரைச் சேர்ந்த தர்மய்யா என்ற சமணப் பண்டிதர். பழங்கன்னடக் கல்வெட்டைப் படிக்கத் தெரிந்தவர் இவர். தாமஸ் ஹிக்கி 1816-ல் சென்னையில் வரைந்த மெக்கன்சி படம் லண்டனில் இருக்கிறது. சிவப்புச் சட்டையில் மெக்கன்சி, சுற்றி மூன்று இந்தியர்கள், தூரத்தில் குன்றின்மேல் கோமடேசுவரர் சிலை. கையில் ஓலையோடு நிற்பவர் தர்மய்யா என்று ஆய்வாளர்கள் அடையாளம் சொல்கிறார்கள். பாடம் சொன்னவனையும் சேர்த்து வரைந்த படம் என்பதால் அதன் நகல் ஒன்றை என் கத்தியில் மாட்டி வைத்திருக்கிறேன். (கத்தி என்றால் புர்ராபஜார்க்காரருக்கு உட்கார்ந்து வியாபாரம் பண்ணும் திண்டு போட்ட அறை. ஊர்ப் பிள்ளைகள் பயப்பட வேண்டாம்.)

மெக்கன்சி இந்தியா முழுமைக்கும் தலைமை நில அளவையாளரானபின் அந்தச் சுவடிகளையும் ஆட்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு கல்கத்தா வந்து சேர்ந்தார். 1821-ல் இறந்தார். சவுத் பார்க் தெரு கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். எச்.எச். வில்சன் 1828-ல் அந்தத் தொகுப்புக்குப் பட்டியல் அச்சிட்டார். தென்மொழிச் சுவடிகள் சென்னைக்குத் திரும்பின. ஆக, நம் தமிழ்ச் சுவடிகள் சுமார் பத்து வருடம் கல்கத்தாவாசியாக இருந்திருக்கின்றன. ரேஷன் கார்டுதான் வாங்கவில்லை.

வில்லியம் கோட்டைக் கல்லூரியின் பிற்காலத்தில் பெரிய பெயர் ஒன்றே ஒன்று. ஈசுவரசந்திர வித்யாசாகர். 1841-ல் மாதம் 50 ரூபாய்க்குத் தலைமைப் பண்டிதராகச் சேர்ந்தார். துரைமார்களின் விடைத்தாளைத் திருத்த வேண்டியிருந்ததால் இவர் ஆங்கிலமும் இந்தியும் கற்றுக்கொண்டார். அவர் 1847-ல் வெளியிட்ட வேதாளக் கதைகள் அந்தக் கல்லூரிக்காக எழுதியதுதான். ஆனால் அதற்குள் காற்று மாறிவிட்டது. 1835-ல் மெக்காலே காரியம் முடிந்தது. 1837-ல் கோர்ட்டுகளில் பாரசீகத்தை எடுத்தார்கள். துரை நம் மொழியைக் கற்பதைவிட நாம் துரை மொழியைக் கற்பது மலிவு என்று ஆகிவிட்டது. 1854-ல் கல்லூரியைக் கலைத்தார்கள். ஹெய்லிபரிக் கல்லூரியும் 1858-ல் மூடப்பட்டது.

மகன் கொண்டுவந்த அச்சுப் பிரதிக்கு வருகிறேன். இந்த நவீன வகுப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப்போருக்குப்பின் அமெரிக்க வெளிநாட்டுத் துறை தன் அதிகாரிகளுக்குப் பயிற்சி நிலையம் வைத்தது. அங்கே பாடம் சொன்ன எட்வர்ட் ஹால் 1959-ல் ஒரு நூல் எழுதினார். பேசாத பேச்சு, அதாவது நேரம், தூரம், மௌனம் எல்லாம் மொழிதான் என்றார். பிறகு டச்சுக்காரர் ஹாஃப்ஸ்டெட், ஐ.பி.எம். ஊழியர்களிடம் பல நாடுகளில் கேள்வித்தாள் கொடுத்து வாங்கிய பதில்களை வைத்து 1980-ல் நாடுகளுக்கு மதிப்பெண் போட்டார். மேலதிகாரிக்கும் கீழ் ஊழியனுக்கும் உள்ள இடைவெளிக்கு ஒரு எண், தனிமனிதப் போக்குக்கு ஒரு எண். மகனுடைய பிரதியில் இந்தியாவுக்கும் அப்படி எண்கள் இருந்தன. இந்தியாவுக்கு ஒரே எண்! வந்தவாசிக்கும் புர்ராபஜாருக்கும் லூதியானாவுக்கும் சேர்த்து ஒன்று. கேரியின் புத்தகத்தில் ஜமீன்தாருக்கு ஒரு பேச்சு, மீனவனுக்கு ஒரு பேச்சு, சந்தைக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு பேச்சு என்று இருந்தது. இந்த வித்தியாசத்தைப் பையன்கள் கவனிக்க வேண்டும்.

என் சொந்த அனுபவம் ஒன்று சொல்ல வேண்டும், அது இல்லாவிட்டால் இந்த விஷயத்தில் எனக்குப் பேச வாயில்லை. எங்கள் தொழில் சணல் சாக்கு. ஆரணி, வந்தவாசிப் பக்கத்து அரிசி ஆலைகளுக்கு இங்கிருந்து பேல் கணக்கில் அனுப்புவது. ஐரோப்பாவில் பிளாஸ்டிக் பைக்கு எதிர்ப்புக் கிளம்பியபோது சணல் கைப்பைக்குக் கேட்பு வந்தது, நானும் இறங்கினேன். ஒரு ஐரோப்பிய வாடிக்கையாளர் வந்தார். மார்ச் மாதத்துக்குள் முழுச் சரக்கும் முடியுமா என்று கேட்டார். முடியாது என்று எனக்குத் தெரியும். "பார்க்கலாம், முயற்சி பண்றோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நம்மூரில் இதற்கு என்ன அர்த்தம்? இங்கே வங்காளியிலும் 'தேக்சி' என்று சொன்னால் அதே அர்த்தம்தான். அவர் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். மார்ச்சில் பாதிச் சரக்குதான் போனது. அவருக்கும் நஷ்டம், எனக்கும் நஷ்டம், உறவும் போச்சு.

இரண்டு வருடம் கழித்து வேறொரு நாட்டுக்காரர் வந்தார். நான் பாடம் படித்தவன் இல்லையா? முடியும் என்று தெரிந்த காரியத்துக்கு "நிச்சயம் முடியும்" என்று அடித்துச் சொன்னேன். மனிதர் புன்சிரிப்போடு கேட்டுக்கொண்டு போய், ஆர்டரை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார். ஏன் என்று தரகரிடம் விசாரித்தேன். அவர் ஊரில் பயிற்சி வகுப்பு போய் வந்தவராம். இந்தியர் சொல்லும் 'முடியும்' என்பதை 'முடியாது' என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்று படித்திருக்கிறார்! முதலாமவர் என் சொல்லை நம்பிக் கெட்டார், இரண்டாமவர் என் சொல்லை நம்பாததால் நான் கெட்டேன். அரைகுறைப் பாடம் பாடமே இல்லாததைவிடச் சில சமயம் செலவு வைக்கும்.

எனக்கு இந்த ஊரைக் கற்றுக்கொடுத்தவர் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1983-ல் பெரியப்பா என்னை இங்கே கூட்டிவந்தபோது வங்காளியில் ஒரு வார்த்தை தெரியாது. கடையில் கணக்கு எழுதிய ஒரு வயதான வங்காளிதான் எனக்கு முன்ஷி. முதல் வாரமே ஒரு பெரிய மகாஜனைப் பார்த்து 'துமி' என்று சொல்லிவிட்டேன். மரியாதைக்கு 'ஆப்னி' சொல்ல வேண்டும். அவர் முகம் மாறியது எனக்குத் தெரியவில்லை. கிழவர்தான் மாலையில் ஓரமாகக் கூப்பிட்டு விளக்கினார். துய், துமி, ஆப்னி என்று மூன்று படி. எந்த மனிதனிடம் எந்தப் படியில் நிற்க வேண்டும், எப்போது ஒரு படி இறங்கிவந்தால் சிநேகம், எப்போது இறங்கினால் அவமானம் என்று ஒவ்வொரு வாடிக்கைக்காரராகச் சொல்லிக்கொடுத்தார். கிளம்பும்போது வங்காளி 'ஆஷி', அதாவது 'வரேன்' என்பான். நாமும் 'போயிட்டு வரேன்' என்றுதானே சொல்கிறோம்? போகிறேன் என்று சொல்லக்கூடாது என்ற பயம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான் என்று அவர் சொன்னபோது எனக்கு முதல்முறையாக இந்த ஊரில் தூக்கம் வந்தது. அதற்கு நான் கொடுத்த சம்பளம், ஊரிலிருந்து வரும் முறுக்கு, ஒரு பொட்டலம். ராம்ராம் பாசுவுக்காவது நாற்பது ரூபாய் கிடைத்தது.

அவர் இறந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. வேலையை விட்டுப் போனபோது ஒழுங்காக ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லையே என்ற குறை எனக்கு உண்டு. அன்று லாரி ஏற்றும் அவசரம், கணக்கை முடித்துக் கையில் கொடுத்துவிட்டுக் கிடங்குக்கு ஓடிவிட்டேன். கட்டுரைக்காகப் பழைய பெட்டியைக் கிளறியபோது அவர் எனக்குப் போட்டுக்கொடுத்த நோட்டுப் புத்தகம் கிடைத்தது. நீல மையில் அவருடைய வங்காளி எழுத்து, பக்கத்தில் பென்சிலில் என்னுடைய தமிழ். மார்வாடியிடம் ஒரு மாதிரி, மில் குமாஸ்தாவிடம் ஒரு மாதிரி, சுமை தூக்குகிறவரிடம் ஒரு மாதிரி என்று தனித்தனித் தலைப்பு போட்டு எழுதியிருக்கிறார். கேரியின் புத்தகத்தை அவர் பார்த்திருக்க வழியில்லை. நோட்டைப் பிரதி எடுத்துச் சங்க நூலகத்தில் கொடுத்திருக்கிறேன். நாலாம் பக்கம் கரையான் அரித்துவிட்டது. இரண்டாம் பக்கத்தில் 'விலையைக் குறைத்துக் கொடுங்கள்' என்பதற்கு ஆறு வழி இருக்கிறது. அதில் ஐந்தாவது, மீன்காரியிடம் மட்டும் சொல்ல வேண்டியது என்று அடிக்கோடு போட்டிருக்கிறார்.